எரிச்சல் என்றொரு வார்த்தை

வார்த்தைகளை வைத்துப் பிழைக்கிறவன் நான். பலசரக்குக் கடைக்காரர் எடைக்கல்லைப் பார்ப்பதுபோல் வார்த்தைகளைப் பார்த்துப் பழகிவிட்டேன். ஒரு படி கஷ்டத்துக்கு ஆழாக்கு வார்த்தை போட்டு அளக்கிறவர்களைக் கண்டால் பொறுப்பதில்லை. கதையில் இந்த மோசடி நடந்தால் விமரிசகர்கள் கவனித்துக்கொள்வார்கள். சர்க்கார் அறிவிப்பில் நடந்தால் யார் கேட்பது? நான்தான் கேட்டுப் பார்க்கிறேனே.

நான் சொல்லவந்த வார்த்தை 'எரிச்சல்'. அது புழங்கும் இடம் அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தின் மேற்குக் கரை. டாம்பாவிலிருந்து தெற்கே ஸரஸோட்டா, ஃபோர்ட் மையர்ஸ், நேப்பிள்ஸ் என்று மெக்ஸிகோ வளைகுடா ஓரமாக நீளும் வெண்மணல் கரைகள் அவை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வெயிலைத் தேடிப் போய்க் குடியேறும் ஊர்கள். அங்கே பல வருஷங்களில், பெரும்பாலும் கோடை முடியும் தறுவாயில், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒற்றைச் செல் உயிர் கடலில் கோடி கோடியாகப் பெருகுகிறது. சில சமயம் தண்ணீர் செம்பழுப்பாக மாறும்; சில சமயம் மாறாமலே இருந்து ஏமாற்றும். மீன்கள் செத்துக் கரையெல்லாம் குவியும். 'ரெட் டைட்' என்று அவர்கள் சொல்வதை நம் சௌகரியத்துக்குச் செம்பாசி என்று வைத்துக்கொள்வோம். விஞ்ஞானத்தில் அதற்குக் கரேனியா பிரேவிஸ் என்று பெயர். பல வருஷம் இந்தப் பாசியையே ஆராய்ந்த கேரன் ஸ்டைடிங்கர் என்ற அம்மையாரின் பெயரைத்தான் அதற்கு மரியாதையாக வைத்திருக்கிறார்கள். ஒரு விஷப் பாசிக்குத் தன் பெயரை வைத்தால் சந்தோஷப்படுகிற ஜாதி விஞ்ஞானிகள் மட்டும்தான்!

இந்தப் பாசி வந்ததும் கடற்கரையில் அறிவிப்பு வைக்கிறார்கள். சுவாசத்தில் எரிச்சல் ஏற்படலாம்; கரையை விட்டு அகன்றால் பெரும்பாலும் சரியாகிவிடும்; ஆஸ்துமா முதலிய நோய் உள்ளவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது. இவ்வளவுதான் அதன் சாரம். ஸரஸோட்டாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த நண்பர் ஒருவரும் இதையே என்னிடம் சொன்னார். "அது ஒன்றுமில்லை ஸார். கொஞ்சம் இருமும். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டால் போய்விடும். இயற்கைதானே, அதற்கு யார் என்ன செய்வது?" நண்பர் ஓய்வுபெற்ற என்ஜினீயர். விவரம் தெரிந்தவர். தினம் நாலு மைல் நடக்கிறவர். அவருடைய நுரையீரலுக்கு அந்த அறிவிப்பு நூற்றுக்கு நூறு உண்மை. என் வழக்கு அவருடைய நுரையீரலைப் பற்றியதல்ல.

விஷயம் என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். இந்தப் பாசிக்கு ஓடு கிடையாது. அலை கரையில் மோதும்போது அது உடைந்துபோகிறது. உள்ளேயிருக்கும் பிரெவிடாக்ஸின் என்ற விஷம் தண்ணீரில் கலக்கிறது. அலை நுரைக்கிறது, குமிழிகள் வெடிக்கின்றன, தூவானம் எழும்புகிறது. அந்த நுண்ணிய துளிகளில் ஏறிக்கொண்டு விஷம் காற்றில் வருகிறது. கடல் காற்று நல்லது என்று மூச்சை நன்றாக இழுத்து விடுகிறவர்கள் அதையும் சேர்த்து இழுக்கிறார்கள். 1947-ல் அந்தக் கரையில் பெரிய அளவில் பாசி வந்தபோது உட்காக் என்ற கடல் ஆராய்ச்சியாளர் ஒரு காரியம் செய்தார். கெட்டுப்போன கடல் நீரைத் துளித்துளியாகத் தெளித்து முகர்ந்து பார்த்தார். கடற்கரையில் வந்த அதே இருமல் வந்தது. 1948-ல் அதை எழுதியும் வைத்தார். ஆகவே இந்தச் சங்கதி நேற்றுத் தெரிந்ததல்ல.

உள்ளே போன விஷம் செய்வது விசித்திரமான வேலை. நம் நரம்புகளில் சோடியம் நுழைவதற்குச் சின்னஞ்சிறு வாசல்கள் உண்டு. திறந்த மறுகணமே மூடிக்கொள்ளவேண்டிய வாசல்கள். பிரெவிடாக்ஸின் அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நரம்பு ஓயாமல் கூவுகிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. ஆரோக்கியமானவனுக்கு இது ஒரு தொண்டைக் கமறலோடு போய்விடும். ஆஸ்துமாக்காரனின் மூச்சுக்குழாயோ ஏற்கெனவே தொட்டாற்சிணுங்கி.

நம் கடலில் இது உண்டா என்று வாசகர் கேட்கலாம். மன்னார் வளைகுடாவில் சில வருஷங்களில் தண்ணீர் பச்சையாக மாறி மீன் செத்து ஒதுங்குகிறது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் ராத்திரியில் நீலமாக ஒளிர்ந்தன என்று குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். அங்கெல்லாம் பேசப்பட்டது நாக்டிலுகா என்ற வேறு உயிர். காற்றில் விஷம் ஏற்றி அனுப்பும் வித்தை அதற்குத் தெரியாது. ஆகவே புளோரிடாவுக்கே திரும்புவோம்.

போகும் வழியில் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்கு இழுப்பு. இழுப்புக்காரர் ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டிராதவர்களுக்கு ஆஸ்துமா என்பது டாக்டர் சீட்டில் வரும் ஒரு பெயர். எங்களுக்கு அது ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்கும் ஒரு சத்தம். துருத்தியில் ஓட்டை விழுந்தாற்போல ஒரு சீழ்க்கை. விளக்கைப் போட்டால் பெரியப்பா கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். மடியில் இரண்டு தலையணை, அவற்றின்மேல் முழங்கைகள். தோள்பட்டை காதுவரை ஏறி இறங்கும். பேச முடியாது; கையால்தான் ஜாடை. மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் பெரிய பாடு. உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் நிற்கும். அந்த நேரத்தில் அவர் கண்ணில் தெரிந்தது வலியல்ல. பயம். அறுபது வயது மனிதர், தாசில்தார் கச்சேரியில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கியவர், அடுத்த மூச்சு வருமா என்று சின்னக் குழந்தைபோல் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டில் மிளகாய் வறுத்தால் எல்லோருமேதான் இருமுவோம். கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவோம். பத்து நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வருவோம். அதற்குப் பெயர் நெடி. பெரியப்பாவுக்கு அதே நெடி மூன்று ராத்திரித் தூக்கத்தைக் கொண்டுபோகும். ஒரே அடுப்பு, ஒரே மிளகாய், ஒரே புகை. ஆகவே பெரியம்மா அவர் கோயிலுக்குக் கிளம்பிப் போனபிறகுதான் வாணலியை அடுப்பில் ஏற்றுவாள். அவர் திரும்புவதற்குள் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து, கூடத்தைத் துடைத்து வைத்திருப்பாள். யாரும் அவளுக்குச் சட்டம் போடவில்லை. வீட்டில் எவருடைய மூச்சு பலவீனமோ அவருடைய மூச்சை அனுசரித்து அடுப்பு எரிந்தது.

புளோரிடாவின் அறிவிப்பு இதற்கு நேர் எதிரானது. அடுப்பு எரிகிறபடி எரியும், பெரியப்பா எங்கேயாவது போய்க்கொள்ளட்டும் என்கிறது அது.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் ஆராய்ச்சிக் கணக்கைப் பாருங்கள். லோரா ஃப்ளெமிங் என்ற டாக்டரும் பார்பரா கர்க்பாட்ரிக் என்ற விஞ்ஞானியும் வேறு பலரும் சேர்ந்து வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்த கணக்கு இது. 2007-ல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஆஸ்துமா உள்ள 97 பேர் கலந்துகொண்டார்கள். பாசி இருந்தபோது ஒரு மணி நேரம், இல்லாதபோது ஒரு மணி நேரம் என்று கடற்கரையில் நடந்தார்கள். நடப்பதற்கு முன்னும் பின்னும் குழாயில் ஊதவைத்து மூச்சின் பலத்தை அளந்தார்கள். பாசி நாளில் மூச்சு இறங்கியிருந்தது. பாசி இல்லாத நாளில் அப்படி இல்லை. கடலோரவாசிகளைவிட உள்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம். சரி, நடந்துவிட்டு வீட்டுக்குப் போனபிறகாவது தீர்ந்ததா? பின்னால் வந்த ஆராய்ச்சியில் அதையும் விசாரித்திருக்கிறார்கள். ஒரு மணி நேர நடைக்குப் பிறகு நாலு நாளாகியும் தொந்தரவு விடவில்லை. பெரியப்பாவின் மூன்று ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது.

ஆரோக்கியமானவர்களையும் அளந்திருக்கிறார்கள். கடற்கரையில் நாள் முழுவதும் காவலிருக்கும் உயிர்காப்பு வீரர்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கமறியது. மூச்சின் பலம் குறையவில்லை. அறிவிப்பு எழுதுகிறவர் மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் மனிதர் இந்த உயிர்காப்பு வீரர்தான் என்று நினைக்கிறேன். கல்லுப்போல் மார்பும் வெயிலில் கறுத்த தோளுமாக நிற்கும் இருபத்தைந்து வயது இளைஞர். அவருக்கு எது எரிச்சலோ அதுதான் ஊருக்கெல்லாம் எரிச்சல்.

கரையை விட்டு அகன்றால் சரியாகிவிடும் என்கிறார்களே, எவ்வளவு தூரம் அகல்வது? கரையிலிருந்து 4 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்த இடத்தின் காற்றிலும் இந்த விஷத்தை அளந்து காட்டியிருக்கிறார்கள். ஸரஸோட்டாவில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். 2001-ல் பாசி இருந்த மூன்று மாதங்களையும், 2002-ல் பாசி இல்லாத அதே மாதங்களையும் ஒப்பிட்டார்கள். மூச்சுக் கோளாறு என்று வந்தவர்களில் கரையோரக் குடியிருப்புக்காரர்களின் விகிதம் பாசி வருஷத்தில் 54 சதவீதம் அதிகம். உள்நாட்டுக் குடியிருப்புக்காரர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. எரிச்சலுக்காக யாராவது அவசரப் பிரிவுக்கு ஓடுவார்களா?

இன்னொரு வேடிக்கை. தண்ணீரில் பாசி எவ்வளவு இருக்கிறது என்பதற்கு மாகாண சர்க்கார் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒரு லிட்டரில் 1,000-க்கு மேல் 10,000 வரை இருந்தால் அதற்குப் பெயர் 'மிகக் குறைவு'. அதே வரியில், எதிர்ப் பத்தியில், சுவாச எரிச்சல் ஏற்படலாம் என்றும் எழுதியிருக்கிறது. 5,000 ஆனதும் கடலிலிருந்து சிப்பி எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள், தின்றவர்களுக்கு விஷம் ஏறிவிடுமே என்று. மிகவும் சரியான காரியம். சிப்பி தின்பவரைக் காப்பாற்றத் தடை உத்தரவு வருகிறது. மூச்சு விடுபவருக்கு அறிவிப்புப் பலகையோடு சரி. சிப்பி தின்னாமல் ஒரு ஜன்மம் முழுவதும் இருந்துவிடலாம்.

இனி 'இயற்கை'க்கு வருவோம். நண்பர் அதைத்தான் கடைசிச் சீட்டாகப் போட்டார். பாசி பிறப்பது இயற்கை. மறுப்பதற்கில்லை. கரையிலிருந்து பல மைல் தள்ளி ஆழ்கடல் பக்கத்தில் அது தோன்றுகிறது. காற்றும் நீரோட்டமும் அதைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வருகின்றன. இங்கே ஹோட்டல்கள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அது வந்துகொண்டிருந்தது. ஆனால் கரைக்கு வந்தபிறகு அதற்குச் சாப்பாடு போடுவது யார்? ஒக்கிசோபி ஏரியைச் சுற்றிக் கரும்புத் தோட்டங்கள், மாட்டுப் பண்ணைகள். ஏரி நிரம்பினால் மதகைத் திறந்து கலூஸஹாச்சி ஆற்றில் விடுகிறார்கள். ஆற்றின் இரு கரையிலும் வீடுகள், புல்தரைகள், சாக்கடைத் தொட்டிகள். எல்லாவற்றின் நைட்ரஜனும் சேர்ந்து வளைகுடாவில் இறங்குகிறது. 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, பல வருஷக் கணக்கை வைத்து, அந்த ஆற்று நீரின் நைட்ரஜன் செம்பாசியின் வேகத்தை அதிகமாக்குகிறது என்று காட்டியது. வாசலுக்கு வந்த நாய் இயற்கையாக வந்ததுதான். அதற்குத் தினம் சோறு வைத்துவிட்டு, கடித்தால் இயற்கை என்பதா?

ஒன்றும் செய்ய முடியாது என்பதும் உண்மையல்ல. ஸரஸோட்டா ஜில்லா 2007-லேயே, மழைக்காலத்தில் புல்தரைகளுக்கு நைட்ரஜன் உரமும் பாஸ்பரஸ் உரமும் போடக்கூடாது என்று விதி செய்தது. சின்னக் காரியம்தான், ஆனால் இயற்கை என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்காதவர்கள் செய்த காரியம். அதற்கு ஐம்பது வருஷம் முன்பு, 1957-ல், ஆகாய விமானத்திலிருந்து கடலின்மேல் மயில்துத்தம் தூவிப் பார்த்தார்கள். பாசி செத்தது, சீக்கிரமே திரும்பியும் வந்தது. செலவு கட்டுப்படியாகவில்லை, மற்றக் கடல் உயிர்களுக்கும் துத்தம் ஆகாது என்று விட்டுவிட்டார்கள். நல்லவேளை. வியாதியைவிட வைத்தியம் மோசமாயிருந்திருக்கும்.

பிறகு 1999-ல் விஷப்பாசிகளுக்கென்று மாகாணத்தில் ஒரு நிபுணர் குழு அமைத்தார்கள். சில வருஷங்களில் பணம் நின்றது, குழு தூங்கிவிட்டது. 2017 கடைசியில் தொடங்கிய பாசி 2018 முழுவதும் நின்று 2019 ஆரம்பம்வரை போகவில்லை. கடற்பசுக்கள் செத்தன, ஆமைகள் செத்தன, ஸானிபெல் தீவில் ஒரு திமிங்கிலச் சுறாவே செத்து ஒதுங்கியது. பத்திரிகைகளெல்லாம் படம் போட்டன. அப்புறம்தான், 2019-ல், தூங்கிய குழுவைத் தட்டி எழுப்பினார்கள். 2018 ஆகஸ்டில் கவர்னர் ஏழு ஜில்லாக்களுக்கு அவசர நிலைப் பிரகடனம் செய்தபோது அறிவித்த உதவியில், மீன் பிணங்களை அள்ளப் பெருந்தொகை. சுற்றுலாத் துறைக்குக் கைகொடுக்க 5 லட்சம் டாலர். கூடுதல் விஞ்ஞானிகளுக்கு 1 லட்சம் டாலர். மீனை அள்ளத்தான் வேண்டும். ஹோட்டல்காரரும் பிழைக்கத்தான் வேண்டும். அந்த ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிற, கடற்கரை நாற்காலிகளை அடுக்குகிற இழுப்புக்காரர் ஒருவர் இருப்பாரே, அவர் வேலைக்கு வராமலிருந்தால் அன்றைய கூலியை யார் கொடுப்பது? அந்தத் தலைப்பில் ஒரு காசு ஒதுக்கியதாக நான் படிக்கவில்லை. அவரைப் பார்த்துக் 'கடற்கரையைத் தவிர்க்கவும்' என்கிறது பலகை.

விஞ்ஞானிகளை நான் குறை சொல்லமாட்டேன். மோட் என்ற கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2006 முதல் கடற்கரைகளிலிருந்து தினசரிச் செய்தி வாங்கி வெளியிடுகிறார்கள்: காற்று எந்தப் பக்கம், செத்த மீன் உண்டா, கரையில் ஜனங்கள் இருமுகிறார்களா என்று. இருமலை ஒரு செய்தியாக மதித்துக் காது கொடுத்துக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்களே, அதுவே எனக்குப் பெரிதாகப் பட்டது. இப்போது டெலிபோனில் பொருத்திய நுண்ணோக்கியால் ஒரு சொட்டுக் கடல் நீரைப் பார்த்து, காற்றின் திசையையும் சேர்த்து, எந்தக் கரையில் எந்த வேளையில் மூச்சுக்கு ஆபத்து என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசினால் அன்று அதே கரையில் நிம்மதியாக நடக்கலாம். இன்னொரு அதிசயமும் உண்டு. இதே பாசியிலிருந்தே பிரெவினால் என்று ஒரு பொருளைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஒவ்வாமை உள்ள ஆடுகளில் சோதித்தபோது, பிரெவிடாக்ஸினால் மூச்சுக்குழாய் இறுகுவதை அது தடுத்தது. பாற்கடலில் ஆலகாலமும் அமுதமும் சேர்ந்து வந்த கதைதான். ஆனால் நம் கதையில் விஷத்தைத் தொண்டையில் வாங்கிக்கொள்ள ஒரு சிவபெருமான் தாமே முன்வந்தார். இங்கே யாரையும் கேட்காமலே இழுப்புக்காரரின் தொண்டையில் ஊற்றுகிறார்கள்.

புளோரிடா பணக்கார மாகாணம், அவர்கள் பாடு அவர்களுக்கு என்று விட்டுவிடவும் முடியவில்லை. இத்தாலியில் ஜெனோவா கடற்கரையில் 2005 ஜூலையில் வேறொரு பாசி பெருகி, இருமலும் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக 200 பேருக்கு மேல் வைத்தியத்துக்கு ஓடினார்கள். தென் ஆஸ்திரேலியாவில் 2025 மார்ச்சில் வைட்பிங்கா கரையில் அலைச் சறுக்கு விளையாடியவர்கள் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் கரையேறினார்கள். கரேனியா குடும்பத்தின் வேலைதான். அங்கே ஜூலையில் மத்திய சர்க்காரின் மந்திரி வந்து பார்த்தார். 1 கோடியே 40 லட்சம் டாலர் உதவி கொடுத்தார். ஆனால் 'இயற்கைப் பேரிடர்' என்ற இலக்கணத்துக்குள் இது வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஓரிடத்தில் இயற்கை என்பதால் ஒன்றும் செய்ய முடியாதாம். இன்னோரிடத்தில் இயற்கைப் பேரிடர் என்று சொல்லப் போதுமான இயற்கை இல்லையாம். இலக்கணம் எப்படிப் போனாலும் இருமுகிறவர் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்.

என்ன செய்யவேண்டும் என்று என்னைக் கேட்டால், பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. ஆற்றில் இறங்கும் உரத்தைக் குறைக்க வருஷங்கள் பிடிக்கும்; பிடிக்கட்டும், தொடங்கினால் சரி. விஞ்ஞானிகளுக்கான பணம் திமிங்கிலச் சுறா செத்தால் வருவதும் அது மக்கியதும் நிற்பதுமாக இருக்கக்கூடாது. பாசி நாட்களில் கடற்கரை வேலைக்கு வர முடியாத நோயாளிக்குக் கூலியோடு விடுப்பு வேண்டும். இவையெல்லாம் சட்டசபையில் இழுபடும் சமாசாரங்கள். ஆனால் அந்தப் பட்டியல் இருக்கிறதே, அதில் 1,000-க்கும் 10,000-க்கும் நேரே 'மிகக் குறைவு' என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதை அடித்துவிட்டு 'ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எச்சரிக்கை' என்று போடுவதற்கு எந்தச் சட்டசபை கூடவேண்டும்? அதை நாளைக் காலையில் ஒரு குமாஸ்தா செய்துவிடலாம்.